சின்னப் படத்துக்குப் போட்ட காசு எந்த வழியாகத் திரும்பி வருகிறது?

படம் வெளியான நாலைந்து நாளில் "வசூல் 10 கோடி" என்று போஸ்டர் வருகிறது. அந்தப் படத்தின் செலவு 5 கோடி என்று எங்கேயோ படித்திருக்கிறோம். அப்படியானால் லாபம் 5 கோடி என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். இன்னொரு பக்கம், தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்காத ஒரு நல்ல படத்தை வீட்டில் பார்த்து அசந்துபோகிறோம். "சரி, ஓடிடியில் விற்றுப் போட்ட காசை எடுத்திருப்பார்கள்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். இவற்றோடு, "இப்போதெல்லாம் செல்போனிலேயே படம் எடுத்துவிடலாமே, செலவு என்ன பெரிய செலவு?" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றுமே பெரும்பாலும் தவறான கணக்குகள். இந்தத் தவறு நம்மைப் போன்ற பார்வையாளர்களிடம் மட்டும் இருந்தால் பெரிய சேதமில்லை. நிலத்தை அடகுவைத்து முதல் படம் எடுக்க வருகிறவர்களும் இதே கணக்கை நம்பித்தான் வருகிறார்கள். அதனால் இதை அடியிலிருந்து விளக்கிவிடுவது நல்லது.

குறைந்த செலவு வேறு, சுயாதீனம் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். குறைந்த செலவுப் படம் என்பது தொகையைப் பற்றியது. சுயாதீனப் படம் என்பது, படத்தைப் பற்றிய கடைசி முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது. பெரிய நிறுவனமோ நட்சத்திரமோ டிவி சேனலோ பணம் போட்டு "இதை வெட்டு, அதைச் சேர்" என்று சொல்லும் இடத்தில் இல்லாவிட்டால் அது சுயாதீனப் படம். இரண்டும் அடிக்கடி ஒன்றாக வரும், ஆனால் ஒன்றாகவே வரவேண்டும் என்பதில்லை. 2015-ல் வந்த 'காக்கா முட்டை' சின்னச் செலவில் உருவான படம்தான். ஆனால் தனுஷும் வெற்றிமாறனும் அதன் தயாரிப்பாளர்கள். அந்த இரண்டு பெயர்களும் திறந்துவிடும் கதவுகள் முகம் தெரியாத ஒரு தயாரிப்பாளருக்குத் திறப்பதில்லை.

சுயாதீனத்தின் எல்லைவரை போனவர் என்று நான் நினைப்பது ஜான் ஆபிரகாமை. 1977-ல் தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்தவர். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. அப்புறம் 1980-களில் கேரளத்தில் நண்பர்களோடு ஒடேஸா என்ற குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்த் திரைப்படங்கள் காட்டி, பார்க்க வந்த ஜனங்களிடமே காசு திரட்டினார்கள். அந்தக் காசில் 1986-ல் 'அம்ம அறியான்' வந்தது. அதையும் வழக்கமான விநியோகத்துக்குக் கொடுக்காமல் ஊர் ஊராக எடுத்துப்போய்த்தான் காட்டினார்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் பார்த்தவர்களும் ஒரே கூட்டம். நடுவில் யாரும் இல்லை. கீழே வரும் சிக்கல்கள் எல்லாமே அந்த 'நடு'வில் நடப்பவை என்பதால் இவரை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாந்தோப்பிலிருந்து தொடங்குவோம்

உங்களிடம் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. காய்ப்பை மூன்று விதமாக விற்கலாம். மரம் பூவிட்டிருக்கும்போதே ஒரு வியாபாரியிடம் மொத்தமாக விலை பேசிக் காசை வாங்கிவிடலாம். காற்றடித்துப் பூ கொட்டினால் நஷ்டம் அவருக்கு, அமோகமாகக் காய்த்தால் லாபமும் அவருக்கே. இல்லையென்றால், நீங்களே பறித்துக் கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோகலாம். மண்டிக்காரர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். விலை ஏறினாலும் விழுந்தாலும் உங்கள் பாடு. மூன்றாவதாக, வியாபாரி ஒரு தொகையை உறுதியாகத் தந்துவிட்டு, அதற்கு மேல் விற்றால் கூடுதலில் ஒரு பங்கு தருவதாகப் பேசலாம்.

படம் விற்பதும் இந்த மூன்று வழிகளில்தான். மொத்தமாக விற்பது அவுட்ரேட். கமிஷனுக்குக் கொடுப்பதை டிஸ்ட்ரிபியூஷன் அடிப்படை என்பார்கள். குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் வாங்குவது எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி. பெரிய நடிகர் படங்களுக்கு அவுட்ரேட்டும் எம்.ஜி.யும் கிடைக்கும். முகம் தெரியாதவர்கள் நடித்த படத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது கமிஷன் வழி மட்டுமே. அதிலும் பல விநியோகஸ்தர்கள் போஸ்டர் ஒட்டும் செலவைக்கூடத் தயாரிப்பாளரிடமிருந்து முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் படத்தை எடுப்பார்கள்.

ஒப்புமை இந்த இடத்தில் போதாமல் போகிறது. ஒரு மாம்பழத்தை ஒருவருக்குத்தான் விற்க முடியும். ஒரு படத்தைப் பலருக்கு, பல விதமாக விற்கலாம். தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் காட்ட ஒருவருக்கு, வெளிநாட்டில் காட்ட ஒருவருக்கு, டிவியில் போட ஒருவருக்கு, ஓடிடியில் வைக்க ஒருவருக்கு, பாட்டுக்கு ஒருவருக்கு, இந்தியில் டப்பிங் செய்ய ஒருவருக்கு, ரீமேக் செய்ய இன்னொருவருக்கு. இப்படித் தனித்தனியாக விற்கக்கூடிய ஒவ்வோர் அனுமதிக்கும் உரிமை என்று பெயர். சாட்டிலைட் உரிமை என்றால் டிவி, டிஜிட்டல் உரிமை என்றால் இணையம். தயாரிப்பாளர் உண்மையில் விற்பது இந்த உரிமைகளைத்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரு படம் என்பது பல உரிமைகளின் கட்டு. ஒவ்வோர் உரிமையையும் மொத்தமாகவோ கமிஷனுக்கோ உத்தரவாதத்தோடோ விற்கலாம். நட்டம் யார் தலையில் விழும் என்பதை அந்தப் பேரம் முடிவு செய்கிறது.

டிக்கெட் காசு பிரியும் விதம்

போஸ்டரில் வரும் தொகை கிராஸ். டிக்கெட் கவுண்டரில் விழுந்த மொத்தக் காசு அது. அதில் வரியைக் கழித்தால் நெட். நெட்டில் தியேட்டரின் பங்கு போக மீதி ஷேர். தயாரிப்பாளர் பக்கம் வருவது ஷேர் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட்டின் அடிப்படை விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 27 ரூபாய். (100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்.) ஆக நீங்கள் கொடுப்பது 177 ரூபாய். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி, இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம். 150-ல் தியேட்டருக்குப் பாதி என்றால் மிச்சம் 75. விநியோகஸ்தர் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால் 67 ரூபாய் 50 காசு. நீங்கள் கொடுத்த 177-ல் தயாரிப்பாளர் பக்கம் வந்தது 38 சதவீதம்.

அப்படியானால் "வசூல் 10 கோடி"யில் வருவது ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம். செலவு 5 கோடி. போஸ்டரைப் பார்த்து நாம் லாபம் என்று கொண்டாடிய படம் தியேட்டர் கணக்கில் இன்னும் நட்டத்தில் நிற்கிறது. இந்த 3 கோடியே 80 லட்சத்திலிருந்துதான் விளம்பரச் செலவையும் கடன் வட்டியையும் கட்டவேண்டும். இடைவேளையில் நாம் வாங்கும் பாப்கார்ன் காசு தியேட்டருடையது, அதில் படத்துக்குப் பங்கில்லை.

பாதிக்குப் பாதி என்பதும் எப்போதும் நிலைப்பதில்லை. 2009-ல் இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளக்ஸ்களுக்கும் நடந்த பெரிய சண்டையின் முடிவில் ஓர் ஒப்பந்தம் வந்தது. அதன்படி படத்தின் பக்கத்துக்குப் போகும் பங்கு: முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, நாலாம் வாரம் 30. ஊருக்கு ஊர் எண்கள் மாறலாம், சரிவு மாறாது. யோசித்துப் பாருங்கள். முதல் நாளே கூட்டம் கூட்டுவது நட்சத்திரப் படம். சின்னப் படத்துக்குக் கூட்டம் வருவது வாய்வழிப் பேச்சில், மெதுவாக. "நல்லா இருக்காமே" என்று சொல்லிச் சொல்லி ஜனம் வந்து சேரும்போது மூன்றாம் வாரம் ஆகியிருக்கும், தயாரிப்பாளரின் பங்கு அதற்குள் இறங்கியிருக்கும். யாரும் சின்னப் படத்துக்கு எதிராக உட்கார்ந்து போட்ட விதியில்லை இது. ஆனால் சின்னப் படத்தைத்தான் அதிகம் அடிக்கிறது.

திரைக்குப் போகும் வாடகை

பிலிம் சுருளில் படம் ஓடிய காலத்தில் ஒவ்வொரு தியேட்டருக்கும் ஒரு பிரிண்ட் போடவேண்டும். அந்தச் செலவு தயாரிப்பாளர், விநியோகஸ்தர் பக்கம். டிஜிட்டல் வந்ததும் பிரிண்ட் செலவு போனது. ஆனால் தியேட்டரில் விலை கூடிய புதுப் புரொஜெக்டர் வைக்கவேண்டி வந்தது. "மிச்சமானது உங்களுக்கு, செலவு மட்டும் எங்களுக்கா?" என்று தியேட்டர்காரர்கள் கேட்டார்கள். அதற்காக உலகம் முழுக்கப் பிறந்த ஏற்பாடுதான் வி.பி.எஃப்., அதாவது விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ. இல்லாத பிரிண்டுக்குக் கட்டும் கட்டணம் என்று புரிந்துகொள்ளலாம். கருவியை ஒரு நிறுவனம் பொருத்தும், படத்தை ஓட்டுகிறவர் திரைக்கு இவ்வளவு என்று அந்த நிறுவனத்துக்குக் கட்டுவார்.

கருவிக்கான பணம் கழிந்த பிறகும் இது ஏன் தொடர்கிறது என்று கேட்டுத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் புதுப் படங்களை நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதம் தமிழில் புதுப்படமே வரவில்லை. கட்டணங்கள் கொஞ்சம் குறைந்தன, ஏற்பாடு முற்றாகப் போகவில்லை. சின்னப் படத்துக்கு இதில் உள்ள வலி என்னவென்றால், அரங்கில் 10 பேர் இருந்தாலும் 500 பேர் இருந்தாலும் திரைக்கான கட்டணம் ஒன்றுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் கே.டி.எம். தியேட்டருக்கு வரும் படக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். எந்தத் தியேட்டரில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓடலாம் என்று எழுதப்பட்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவிதான் கே.டி.எம். வெளியீட்டு நாள் காலைக் காட்சி ரத்து என்று செய்தி வரும்போதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சாவிதான் எங்கோ நிற்கிறது. பழைய கடனைக் கேட்டு யாரோ பிடித்து வைத்திருப்பார்கள்.

கேமரா மலிவானதும் என்ன ஆனது?

1992-ல் ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் ஒரு முழுநீளப் படம் எடுத்தார் என்பது ஃபிலிம் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை வாங்கிய ஸ்டுடியோ ஒலியைச் சரிசெய்யவும் தியேட்டர் பிரிண்ட் போடவும் விளம்பரத்துக்கும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது என்ற மீதிக் கதையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1999-ன் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' சில பத்தாயிரம் டாலரில் படமாக்கப்பட்டது. அதை வெளியிட்டவர்கள் விளம்பரத்துக்குச் செலவழித்தது கோடிக்கணக்கான டாலர். 2015-ல் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' படத்தை ஐபோனில் எடுத்தார். போன் மிச்சப்படுத்தியது கேமரா வாடகையை மட்டும். லென்ஸ் பொருத்தி, ஒலியைத் தனியாகப் பதிவு செய்து, வண்ணம் திருத்தி வேலை செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

டிஜிட்டல் கேமரா செய்த நன்மை உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் ஒவ்வொரு டேக்குக்கும் பிலிம் ஓடும், காசு ஓடும். அந்தப் பயம் போனது. மதுரை வெயிலில் கிராமத்து ஆட்களை வைத்துப் பொறுமையாகப் படமெடுக்க முடிகிறது என்றால் அதற்கு இதுவும் காரணம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறந்ததால் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வருகின்றன. ஆண்டில் இருப்பது 52 வெள்ளிக்கிழமைதான். தமிழ்நாட்டில் இருக்கும் திரைகள் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாலைந்து படங்கள் என்றால், எடுக்கும் செலவில் மிச்சம் பிடித்தது முழுக்க, "இப்படி ஒரு படம் வந்திருக்கிறது" என்று ஜனங்களுக்குத் தெரியப்படுத்துவதில் போய்விடுகிறது.

ஆக, டிக்கெட் காசில் பாதிக்கும் குறைவாகவே படத்துக்கு வருகிறது, திரைக் கட்டணம் கூட்டத்தைப் பார்த்துக் குறைவதில்லை, கேமராவில் மிச்சமான காசு விளம்பரத்துக்குப் போகிறது. இப்போது வீட்டுக்குள் வருவோம்.

ஜன்னல் என்றால் என்ன?

ஒரு படம் முதலில் தியேட்டர், பிறகு ஓடிடி, பிறகு டிவி என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றும் மற்றது வராமல் தனியாக அனுபவிக்கும் காலத்துக்கு ஜன்னல் என்று பெயர். தியேட்டர் ஜன்னல் நாலு வாரம் என்றால், வெளியான நாளிலிருந்து நாலு வாரம் வேறெங்கும் அந்தப் படம் வராது.

நம் ஊர்ச் சினிமாச் சண்டைகளில் பல இந்த ஜன்னலைப் பற்றியவை. 2013-ல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கு முதலில் கொண்டுவர நினைத்தார், தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. 2015-ல் சேரன் சி2எச் என்ற திட்டத்தில் தன் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்குக் கொடுத்தார். 2020 மே மாதம் ஊரடங்கில் 'பொன்மகள் வந்தாள்' நேரே ஓடிடிக்குப் போனபோதும் பெரிய எதிர்ப்பு வந்தது. 2023-ல் 'லியோ'வுக்கு நாலு வார ஜன்னல்தான் என்பதால், எட்டு வாரம் கேட்கும் தேசிய மல்டிபிளக்ஸ்கள் வட இந்தியாவில் அதன் இந்திப் பதிப்பைத் திரையிடவில்லை.

'லியோ' போன்ற படத்துக்கு அந்த நாலு வாரம் ஒரு பேரப்பொருள். சின்னப் படத்துக்கு அது சுழல். பார்வையாளராகிய நாம், "இது பெரிய திரையில் பார்க்கவேண்டிய படமில்லை, நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும்" என்று காத்திருக்கிறோம். முதல் மூன்று நாள் அரங்கு காலியாகக் கிடக்கிறது. திங்கட்கிழமை காட்சியைக் குறைக்கிறார்கள். வசூல் எண் சுருங்குகிறது. இப்போது ஓடிடி நிறுவனங்கள் பல படங்களுக்கு விலை பேசுவதே தியேட்டரில் எப்படிப் போனது என்பதைப் பார்த்துத்தான். எண் சுருங்கினால் விலை விழும், இல்லையென்றால் வாங்கவே மாட்டார்கள். ஓடிடியில் வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்த படம், எல்லோரும் காத்திருந்ததாலேயே ஓடிடிக்கு வராமல் போகிறது. இந்த விஷயத்தில் எல்லோரும் புரிந்துகொள்ளவேண்டும் என்று நான் ஆசைப்படுவது இந்த ஒன்றைத்தான்.

ஓடிடி எப்படி வாங்குகிறது?

மூன்று வழிகள். முதலாவது, இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. எத்தனை பேர் பார்த்தாலும் தொகை மாறாது. இரண்டாவது, பார்த்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இதில் முன்பணம் கிடையாது, மண்டி வழிதான். பார்வையாளர் 20 நிமிடத்தில் மூடிவிட்டால் 20 நிமிடத்துக்குத்தான் காசு. மூன்றாவது, பார்க்கிறவரே அந்தப் படத்துக்கு மட்டும் தனியாகக் கட்டணம் கட்டுவது. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சிஸ்பேஸ் இந்த வகை. ஒரு படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. டிக்கெட் கணக்கில் 177-க்கு 67 ரூபாய் 50 காசு வந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2020, 2021-ல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது முதல் வழியில் நிறையப் படங்கள் விற்றன. "ஓடிடி இருக்கிறது, பயமில்லை" என்ற நம்பிக்கை வேர்விட்டது அப்போதுதான். தியேட்டர் திறந்ததும் ஓடிடிகள் கையை இறுக்கிக்கொண்டன. இன்று முகம் தெரியாத படத்துக்கு அதிகம் கிடைப்பது இரண்டாவது வழி. அதுவும் பல நேரம் நேரடியாக இல்லை, நடுவில் ஓர் அக்ரிகேட்டர், அதாவது பல படங்களைத் திரட்டித் தளங்களுக்குக் கொடுக்கும் இடைத்தரகர், கமிஷன் எடுத்துக்கொள்வார்.

விருது வந்தால் வழி திறந்துவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 தொடக்கத்தில் ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். நம் வீட்டுக்கு அது வந்தது 2023 அக்டோபரில். மலையாளத்தில் ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தைப் பெரிய தளங்கள் முதலில் எடுக்கவில்லை. 2021 ஜனவரியில் நீஸ்ட்ரீம் என்ற சின்னத் தளத்தில் வந்து, வீட்டுக்கு வீடு பேச்சாகி, அதன் பிறகுதான் பெரிய தளம் வாங்கியது. ஒரு சின்னத் தளம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சு தொடங்கியிருக்காது.

பணத்தைப் பார்வையாளர்களிடமே கேட்ட ஜான் ஆபிரகாமின் வழி இணையத்திலும் ஒருமுறை பலித்திருக்கிறது. கன்னட இயக்குநர் பவன் குமார், 2013-ல் வெளியான 'லூசியா'வுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 50 லட்சம் ரூபாய்க்கு மேல் திரட்டினார். காசு போட்டவர் ஒவ்வொருவரும் தன் ஊரில் பத்துப் பேருக்காவது படத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார் அல்லவா? விளம்பரப் பணம் இல்லாத படத்துக்கு அந்தப் பேச்சுதான் பெரிய உதவி.

கையெழுத்துப் போடும் முன்

கடைசியாக, உரிமை விற்கும் தாளில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: எந்த ஊடகம், எந்த நிலப்பரப்பு, எத்தனை காலம். நம் காப்புரிமைச் சட்டம் இங்கே படைப்பாளிக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. காலம் எழுதப்படவில்லை என்றால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளவேண்டும். நிலப்பரப்பு எழுதப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். 2012-ல் செய்த திருத்தத்தின்படி, கையெழுத்திட்ட நாளில் இல்லாத ஊடகம், அதை ஒப்பந்தம் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, வாங்கியவருக்குப் போகாது.

அதனால்தான் இப்போதைய ஒப்பந்தங்களில் "இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரி ஓர் ஓரத்தில் இருக்கும். படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக் காலம் நீடிக்கும். கைக்கு வரும் ஒரு சின்னத் தொகைக்காக அந்த 60 ஆண்டையும் ஒரே வரியில் எழுதிக்கொடுத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த வரி தேவையென்று எதிர்த்தரப்பு அடம்பிடித்தால் அதற்குத் தனி விலை கேளுங்கள், அல்லது காலத்தை 5 ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள்.